தூக்க முடியாத மன்னிப்பு

தொயசாக்கி ஊரில் சோயாப் பாலை உறையவைத்த தோஃபுக் கட்டி விற்கும் கமோ அம்மாளின் வீட்டுக் கூடத்தில், ஜனவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அரைக் கிலோ இனிப்பு இருந்த பெட்டி ஒன்று தரைப் பலகையை உடைத்துக்கொண்டு கீழே இறங்கி அஸ்திவாரக் கல்லில் போய் உட்கார்ந்தது. யாருக்கும் அடி இல்லை. இரண்டு தேநீர்க் கிண்ணங்கள் உடைந்தன, ஒரு பாய் கிழிந்தது. பெட்டியைக் கொண்டுவந்தவர்கள் உமேகாகி ஷட்டர் நிறுவனத்தார். அரைக் கிலோவை நான்கு ஆட்கள் கைவண்டியில் வைத்துத் தள்ளி வந்ததைக் கடைத்தெரு முழுவதும் பார்த்தது. ஒருவர்கூட மூக்கில் விரல் வைக்கவில்லை. உமேகாகி நிறுவனத்தின் மன்னிப்புப் பெட்டிகள் வருஷத்துக்கு வருஷம் எடை கூடுவது அரிசி விலை ஏறுவதைப்போல ஊருக்குப் பழகிவிட்டிருந்தது.

அந்த ஊரில் தப்பு செய்த நிறுவனம் வெறுங்கையோடு போய் மன்னிப்புக் கேட்காது. சிவப்புப் பயறை வேகவைத்து அரைத்துச் சர்க்கரைப் பாகில் இறுக்கிய யோகான் என்ற இனிப்புக் கட்டியைத்தான் கொண்டுபோகும். கையில் வாங்கினால் கனமாக இருக்க வேண்டும்; பண்டம் கனத்தால் வருத்தமும் கனம் என்று கணக்கு. உமேகாகி நிறுவனத்தில் இந்தப் பெட்டியைச் சுமக்கும் வேலை இசோபே ஹருயோவுக்கு. நாற்பது தாண்டிய, கல்யாணம் செய்துகொள்ளாத, மதுவைத் தொட்டால் உடம்பெல்லாம் தடித்துப்போகும் பெண். வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு என்று பலகை தொங்கிய அறையில் அவளும் அவளுக்கு மேலே தொக்கிதா என்ற பிரிவுத் தலைவரும் இருந்தார்கள். போகிற இடத்தில் தொக்கிதா இடுப்பை மடித்துக் குனிவார், ஹருயோ பெட்டியை நீட்டுவாள். அவ்வளவுதான் பிரிவு.

முதல் குளிர்காலத்தில் முடிதிருத்தும் கடையின் ஷட்டர் தானாக விழுந்து ஒரு சைக்கிளை நசுக்கியது. அன்றைக்குப் பெட்டி கொஞ்சம் கனமாகத் தெரிந்தது, ஹருயோ வழியில் கை மாற்றிக்கொண்டாள். மறு குளிர்காலத்தில் அரிசி மது விற்கும் சாக்கே கடையின் ஷட்டர் கடைக்காரரின் தோளில் இறங்கியது. பெட்டியைச் சைக்கிள் கூடையில் வைத்தாள், முன்சக்கரம் வளைந்தது. அதற்கடுத்த வருஷம் கிமோனோக் கடையில் ஒரு பூனையின் வால் போனது. பெட்டியை இரண்டு பேர் தூக்க வேண்டியதாயிற்று, நகராட்சி மரப்பாலத்தின் முனையில் உமேகாகி பெட்டிகளுக்கு அனுமதி இல்லை என்று பலகை நட்டது. இனிப்புக் கடை கவாஜிரி அம்மாளுக்கு மானம் போனது. எல்லாரையும் கூப்பிட்டுத் தன் தராசில் வைத்துக் காட்டினார். கடையில் இருக்கும்வரை அரைக் கிலோதான். கல்யாணத்துக்கு வாங்கினாலும் கருமாதிக்கு வாங்கினாலும் அரைக் கிலோதான். நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட மன்னிப்புத் தாளைச் சுற்றி முடிச்சுப் போட்டதும் தராசின் தட்டு டங்கென்று இறங்கியது. அவர் தன் பயறைக் குறை சொல்லக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார். ஊரும் ஒப்புக்கொண்டது.

ஷட்டர் ஏன் விழுகிறது என்று நிறுவனத்தில் ஒருவரும் கேட்கவில்லை. யார் மாட்டியது என்று மட்டும் கேட்டார்கள். மாட்டியவனைக் காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நிறுத்தி, என் கவனம் போதவில்லை என்று உரக்கச் சொல்ல வைத்தார்கள். அவன் சொன்னான், எல்லாரும் கேட்டார்கள், தலையாட்டினார்கள், வேலைக்குப் போனார்கள். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பது இதுதான். பிறகு டிசம்பர் வரும். அந்த நாட்டில் வருஷக் கடைசியில் எல்லா அலுவலகங்களிலும் நடப்பதுபோல இங்கேயும் வருஷத்தை மறக்கும் விருந்து நடக்கும். முதலாளி உமேகாகி கிண்ணத்தை உயர்த்தி, இந்த வருஷத்தை மறப்போம் என்பார். மற்ற இடங்களில் அது ஒரு பேச்சு. உமேகாகியில் அது நிஜமாகவே நடந்தது. முதல் மிடறு இறங்கியதும் அந்த வருஷத்தின் தப்புகள் எல்லாம் எல்லார் தலையிலிருந்தும் துடைத்ததுபோலப் போய்விடும். மறுநாள் சாக்கே கடைக்காரரின் தோளைப் பற்றிக் கேட்டால், அவருக்கென்ன என்று வெள்ளையாகக் கேட்பார்கள். தேநீர் மட்டும் குடித்த ஹருயோவுக்கு எல்லாம் நினைவிருந்தது. குடித்ததால் மறந்தார்கள் என்பதும் பாதிதான் உண்மை. மறக்க ஆசைப்படுகிறவனுக்கு மோர் குடித்தாலும் மறக்கும்.

விருந்து முடிந்ததும் உமேகாகி ஆட்கள் ஊரிலுள்ள தங்கள் ஷட்டர்களை எல்லாம் இலவசமாகக் கழுவிக் கொடுப்பார்கள். புது வருஷத்துக்கு எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் அல்லவா. எலுமிச்சை வாசம் வீசும் சோப்பைக் கரைத்த வெந்நீர், மூங்கில் ஏணி, தலையில் வெள்ளைத் துணிக்கட்டு. விபத்து நடந்த கடை இருக்கும் தெரு முழுவதற்கும் மறு வருஷம் இரண்டு முறை கழுவுவது முதலாளியின் உத்தரவு. ஏன் இரண்டு முறை என்பது கழுவுகிறவர்களுக்கே மறந்திருக்கும், ஆனாலும் கழுவினார்கள்.

அப்படி இரட்டைக் கழுவல் கழுவிய தெருவில்தான் கமோ அம்மாளின் வலது மணிக்கட்டு போனது. காலையில் தோஃபுத் தொட்டியை வெளியே வைக்கக் குனிந்தார், ஷட்டர் இறங்கியது. எலும்பைச் சேர்க்க முடியாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். பெட்டி தரையைப் பிளந்தது இதற்கு மன்னிப்புக் கேட்கப் போன அன்றுதான். தூசி அடங்கும்வரை தொக்கிதா குனிந்தபடியே இருந்தார்.

"குனிஞ்சது போதும், நிமிருங்க," என்றார் கமோ அம்மாள். "உங்க உச்சந்தலைய நான் சாக்கே கடையிலேயே பாத்துட்டேன். அங்க முடி இல்ல."

தொக்கிதா இன்னும் ஒரு விரற்கடை கீழே போனார்.

"இந்தக் கட்டியத் தின்னா என் கை ஒட்டிக்குமா? வேண்டாம், அத விடுங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அது ஏன் விழுந்துச்சு?"

"எங்க ஊழியரோட கவனக்குறைவுங்க. ஒதாகிரின்னு..."

"ஒதாகிரி மாட்டிட்டுப் போயி நாலு வருஷம் ஆச்சு. அன்னிக்குக் கவனம் கொறஞ்சா இன்னிக்கா விழும்? நீ சொல்லும்மா, பெட்டி தூக்குற பொண்ணே. ஏன் விழுந்துச்சு?"

ஹருயோ இத்தனை வருஷம் இத்தனை வாசலில் நின்றிருக்கிறாள், இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு ஒரு வாசலிலும் நின்றதில்லை. வெட்கம் முதலில் வந்தது. திரும்பி நடக்கும்போது அதன் பின்னாலேயே கோபம் வந்தது, அது பிறகு போகவே இல்லை. கமோ அம்மாள் வீட்டுப் பள்ளத்தின் மேல் நிறுவனமே பலகை அடித்துக் கொடுத்தது. பெட்டி உள்ளேயே கிடக்கட்டும் என்று விட்டார்கள்.

ஒதாகிரியைக் கிடங்குக்குப் பின்னால் புல் பிடுங்கப் போட்டார்கள். ஜனவரியில், முழங்கால் பனியில். பனியைத் தோண்டி அதற்குக் கீழே புல்லைத் தேடி அவன் பிடுங்கிக்கொண்டிருந்தான். ஐம்பது வயது மனிதன். ஹருயோ ஒரு குவளைத் தேநீரோடு போய், பெயரோடு சான் என்று மரியாதை ஒட்டுச் சேர்த்தே கூப்பிட்டாள்.

"ஒதாகிரிசான், உண்மையச் சொல்லுங்க. ஏன் விழுது?"

"தெரியலீங்க. சத்தியமா தெரியல. நான் மாட்டுனதும் விழுது, மத்தவன் மாட்டுனதும் விழுது. ஒண்ணக் கழட்டிப் பாக்கலாம்னு கேட்டேன். நம்ம பொருள் மேல நமக்கே சந்தேகமான்னு தொக்கிதா சார் கத்துனாரு. அதுக்கும் சேத்துதான் இந்தப் புல்லு."

ஹருயோ முதலாளியிடம் போனாள். மூன்றாம் தலைமுறை உமேகாகி நல்ல மனிதர் என்றே பெயர் எடுத்தவர். யாரையும் அதட்டமாட்டார், கிழவிகளுக்குக் குடை பிடிப்பார்.

"இசோபேசான், கழட்டிப் பாத்தா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?" என்றார் அவர். "உள்ள ஏதாவது இருக்கும். இருந்துட்டா ஊருல இருக்குற அத்தனையயும் கழட்டணும். எங்க அப்பா காலத்து ஷட்டரெல்லாம் இருக்கு. மன்னிப்புக் கேட்டாச்சுல்ல? டிசம்பர் வந்தா எல்லாருக்கும் மறந்துரும்."

"எனக்கு மறக்காதுங்க. நான் குடிக்கிறதில்ல."

"அதான் உங்ககிட்ட இருக்குற ஒரே குறை," என்று அவர் அன்பாகச் சிரித்தார்.

கோடைக்காலத்தில் உமேகாகி நிறுவனம் கோயில் தெருவிலுள்ள ஹினாகிகு குழந்தைகள் காப்பகத்துக்குப் புது ஷட்டர் மாட்டியது. வாசல் முழுவதற்கும் ஒரே பெரிய ஷட்டர். காலையில் எழுபது பிள்ளைகள் அதன் கீழே மஞ்சள் தொப்பியோடு வரிசையில் நின்று வணக்கம் சொல்வார்கள். ஹருயோ அதைப் பார்த்தாள். நேரே காப்பகத் தலைவியிடம் போய், குளிர்காலம் வந்தால் இது விழும், ஏனென்று தெரியாது, ஆனால் விழும் என்றாள். தலைவி மரியாதை தெரிந்த பெண்மணி. உமேகாகி முதலாளிக்கே தொலைபேசியில் கூப்பிட்டு, உங்கள் ஊழியர் இப்படிச் சொல்கிறாரே என்று பணிவாக விசாரித்தார். மறுநாளே ஹருயோவின் அதிகப்பிரசங்கித்தனத்துக்கு மன்னிப்புக் கேட்க தொக்கிதா ஒரு பெட்டியோடு கிளம்பினார். உண்மையைச் சொன்னதற்கு மன்னிப்பு! அந்தப் பெட்டியைச் சுமந்த லாரி கோயில் தெரு முனையில் அச்சு முறிந்து நின்றது. தொக்கிதா மிச்ச தூரம் நடந்துபோய் வெறுங்கையோடு குனிந்துவிட்டு வந்தார்.

இலையுதிர்காலத்தில் நடந்ததைத்தான் ஹருயோவால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை. முதலாளி கவாஜிரி இனிப்புக் கடையில் ஒரு டஜன் பெட்டிகளுக்கு மொத்தமாகச் சொல்லி வைத்தார். மொத்தமாக வாங்கினால் பத்துக்கு ஒன்று தள்ளுபடி. எப்படியும் ஜனவரியில் தேவைப்படும், அப்போது அவசரத்துக்கு ஓடுவதை இப்போதே வாங்கி வைக்கலாம் என்று அவர் வெகு இயல்பாகச் சொன்னார். கவாஜிரி அம்மாள் பெட்டிகளை இறக்கிவிட்டு ஹருயோவை ஓரமாகக் கூப்பிட்டு, "ஏங்க, இது யாருக்கு?" என்று கேட்டார்.

"இன்னும் அடிபடாதவங்களுக்குங்க," என்றாள் ஹருயோ.

தாள் சுற்றி முடிச்சுப் போட்டுப் பெட்டிகளை நிறுவனக் கட்டடத்தின் பின்கதவருகே அடுக்கினார்கள். அடுக்கி முடித்த மத்தியானம் கட்டடம் ஒரு சாண் பூமிக்குள் இறங்கியது. மாடியில்லாத பட்டறை, தகரக் கூரை, ஜன்னல்களுக்கு இரும்புக் கம்பி. முன்வாசலில் நிறுவனத்தின் சொந்த ஷட்டர். தச்சனைக் கூப்பிட்டு வாசலில் ஒரு படி போட்டார்கள். அடுத்த மாதம் இன்னொரு படி. இது கடற்கரை மண், அப்படித்தான் இருக்கும் என்றார் முதலாளி. தபால்காரர் கடிதங்களைக் குனிந்து போட ஆரம்பித்தார். பெட்டிகளை நகர்த்தலாம் என்று எட்டு ஆட்கள் கடப்பாரையோடு முயன்றார்கள், கடப்பாரை வளைந்தது. பின்கதவைத் திறக்க முடியாமல்போனது, எல்லாரும் முன்வாசல் வழியாகவே போய்வந்தார்கள். ஒருவருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்குக் கட்டடம் முழங்கால் ஆழம் புதைந்ததை மறைப்பதா பெரிய காரியம்?

அந்த வருஷத்தின் மறக்கும் விருந்தைப் பட்டறையிலேயே பிற்பகலில் வைத்தார்கள். மறுநாள் காலை கழுவல் வேலை தொடங்குகிறது, முதலில் காப்பகம் என்று சுவர்ப் பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தது. வழக்கப்படி நிறுவனத்தின் சொந்த ஷட்டரை அன்று காலையே கழுவி முடித்திருந்தார்கள். கடலிலிருந்து எலும்பைத் துளைக்கும் காற்று. சாக்கே கடைக்காரர் பீப்பாய்களோடு வர வேண்டும் என்று ஷட்டரைத் தலை உயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தார்கள். தொக்கிதா வாசலில் போய் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே காலை வைத்தார். பின்னாலேயே ஷட்டர் இறங்கியது. அவர் போட்டிருந்த செருப்பின் பின்பாதியை வெண்டைக்காய் நறுக்குவதுபோல நறுக்கிவிட்டுத் தரையைத் தொட்டது. கட்டடம் இன்னும் ஒரு சாண் இறங்கியது. ஷட்டரின் இரண்டு பக்கச் சட்டங்களும் வளைந்து இறுகின. பின்கதவில் பெட்டிகள், ஜன்னலில் கம்பி. மொத்த நிறுவனமும் உள்ளே.

அப்போது அவர்கள் செய்ததை அங்கே இருந்தவர்கள் இன்றும் மறுப்பதில்லை. யாரும் சொல்லாமலே எல்லாரும் வரிசையாக நின்று, முதலாளி முன்னால் நிற்க, மூடிய ஷட்டரைப் பார்த்து இடுப்பை மடித்துக் குனிந்தார்கள். பழக்கதோஷம். தப்பு நடந்தது, அதனால் குனிந்தார்கள்.

"நிமிருங்க!" என்று ஹருயோ கத்தினாள். அத்தனை வருஷத்தில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "யாருக்குக் குனியுறீங்க? தகரத்துக்கா? வெக்கமா இல்ல? ஒரு பொம்பளைக்குக் கையே போச்சு, குனிஞ்சீங்க. நாளைக்கு எழுபது புள்ளைங்க நிக்குற எடத்துல விழும், அதுக்கும் குனிவீங்க, கட்டி வாங்கி அடுக்கி வெச்சாச்சு, தள்ளுபடியில! நிமிந்து மேல பாருங்க. ஒரே ஒரு தடவ மேல பாருங்க!"

ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். ஷட்டர் சுருளும் பெட்டி தலைக்கு மேலே இருந்தது. குனிந்தே பழகியதால் பலருக்குக் கழுத்து வலித்தது.

வெளியே பனியில் ஒதாகிரி நின்றிருந்தான். புல் பிடுங்குகிறவனுக்கு விருந்தில் இடம் இல்லை. அப்போதுதான் வந்துசேர்ந்த சாக்கே கடைக்காரரும் பீப்பாய்களோடு அவன் பக்கத்தில் நின்றார்.

"ஒதாகிரி, என்னப்பா பண்றது?" என்று முதலாளி தகரத்தின் வழியாகக் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும் முதலாளி? கழட்டிப் பாருங்க," என்றான் ஒதாகிரி.

"மெதுவாக் கழட்டுங்க," என்றார் சாக்கே கடைக்காரர். "நான் இருக்கேன். எனக்குத் தோளு வலிக்குது, ஆனாலும் இருக்கேன்."

மேசை மேல் நாற்காலி போட்டு ஏறினார்கள். ஆளுக்கொரு ஆணியாகக் கழற்றினார்கள். மூடியைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு கிண்ணம் அளவுக்குப் பனிக்கட்டி சரிந்து தொக்கிதாவின் வழுக்கை மேல் விழுந்தது. சுருளைப் பிடித்து நிறுத்தும் கட்டையைச் சுற்றிலும் பனி உறைந்து, கட்டை பிடிக்க முடியாமல் வழுக்கிக்கொண்டிருந்தது. நாற்காலியில் நின்றவன் ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்துவிட்டுக் கீழே கொடுத்தான். கீழே இருந்தவன் மோந்து பார்த்து அடுத்தவனிடம் கொடுத்தான். அது கை மாறிக் கை மாறி முதலாளிவரை போனது. எலுமிச்சை வாசம்.

காலையில் அவர்களே ஊற்றி, பெட்டிக்குள் கசிந்து உறைந்த வெந்நீர். வருஷா வருஷம் ஊர் முழுக்க மரியாதையோடு ஊற்றிய வெந்நீர். அடிபட்ட தெருக்களில் வருத்தம் தெரிவிக்க இரண்டு முறை ஊற்றிய வெந்நீர். மன்னிப்புக் கேட்கக் கேட்க விழுந்திருக்கிறது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு வந்த கதைகூட இவ்வளவு மோசம் இல்லை, அங்கே குரங்கு யார் கையையும் நசுக்கவில்லை.

"சரி," என்றார் முதலாளி கடைசியில். "மொதல்ல வெந்நீர் ஊத்தச் சொன்னது யாரு?"

"ஆளத் தேடுனது போதும் முதலாளி," என்றாள் ஹருயோ. "நாளைக்குக் காப்பகத்துக்குன்னு பலகையில எழுதியிருக்கு. மொதல்ல அத அழிங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தன் கோட்டுக் கையாலேயே அழித்தார்.

ஷட்டரைத் துண்டு துண்டாகக் கழற்றிவிட்டு இருட்டுவதற்குள் வெளியே ஏறினார்கள். ஒருவரும் சாக்கே கேட்கவில்லை, கடைக்காரரும் பீப்பாயைத் திறக்காமல் திரும்பக் கொண்டுபோனார். அதனால் அந்த வருஷம் மறக்கவில்லை. அதோடு நிற்காமல் பழைய வருஷங்களும் திரும்பி வரத் தொடங்கின. மத்தியானச் சாப்பாட்டின் நடுவே ஒருவன் திடீரென்று பூனையின் வாலை நினைத்துக் குச்சிகளைக் கீழே வைப்பான். தொக்கிதா ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை. ஒதாகிரியைப் புல்லிலிருந்து கூப்பிட்டார்கள். அவன் வந்தான், ஆனால் காலைக் கூட்டத்தில் இனி நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தான். காலைக் கூட்டம் அன்றோடு நின்றது.

ஹருயோ கமோ அம்மாளின் வீட்டுக்குத் தனியாகப் போனாள். பெட்டி இல்லை. குனியவும் இல்லை. உட்கார்ந்து, வெந்நீரையும் சோப்பையும் பனிக்கட்டியையும் முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள்.

"சோப்புத் தண்ணிக்கா போச்சு என் கை?"

"ஆமாங்க."

"கழட்டிப் பாக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு சாயங்காலங்க."

கமோ அம்மாள் அவளை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ளத்தான் ஹருயோ வந்திருந்தாள், வாங்கிக்கொண்டாள்.

"அந்தப் புள்ளைங்க எடம்?"

"நேத்தே தொறந்து பாத்தாச்சு. உள்ள ஈரம் இல்ல. இனிமே தண்ணி ஊத்துறதில்ல, ஒலர்ந்த துணியால தொடைக்கிறதுதான்."

"சரி," என்றார் கமோ அம்மாள். "உன்ன மன்னிக்கல. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

கட்டடம் மேலே வரவில்லை. ஆட்கள் இப்போதும் படி இறங்கித்தான் வேலைக்குப் போகிறார்கள், நகராட்சி அதை நிலவறை என்று பதிந்துகொண்டு அதற்கேற்ற வரி வாங்குகிறது. ஒரு டஜன் பெட்டிகளும் பின்கதவருகே அப்படியே இருக்கின்றன, அவற்றின் மேல் பெருக்குமாறு சாய்த்து வைக்கிறார்கள். உமேகாகி ஷட்டர்கள் அதற்குப் பிறகு விழவில்லை. கமோ அம்மாள் இடது கையால் தோஃபு வெட்டப் பழகிக்கொண்டார். துண்டுகள் ஒரு பக்கம் சரிந்தே விழும், அதிலிருந்து தொயசாக்கி மக்கள் சரிந்த தோஃபுதான் வாங்குகிறார்கள். நேராக வெட்டியது வெளியூரிலிருந்து வந்தால் இது என்ன கோணலாக இருக்கிறதே என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். விலை பழைய விலைதான்.